பருவமறிந்த இருப்பு

தமிழகக் கடலோர மாவட்டங்களைத் தாக்கும் இயற்கைச் சீற்றங்களுள் பெரும்பாலானவை நாள் சொல்லி வருவதில்லை என்றாலும் பருவம் சொல்லியே வருகின்றன. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கிறது. வங்கக் கடலில் உருவாகி இக்கரையை நாடும் புயல்களுள் கொடியவை பலவும் இந்தக் காலத்துக்குள்தான் அடங்குகின்றன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து அடையாற்றங்கரை முழுவதும் மூழ்கியது 2015 டிசம்பர் முதல் நாளில். வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12 அன்று. கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது 2018 நவம்பர் 16 அன்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை முடக்கியது; இரண்டு வாரம் கழியுமுன் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும் நவம்பர் 30 அன்றுதான். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் நேர்ந்தது. அதற்குப் பருவம் கிடையாது. அந்த ஒரு பெரும் விலக்கை நீக்கிப் பார்த்தால், இக்கரையில் வாழும் குடும்பம் எந்த மாதங்களில் தன் வீட்டுக்குள்ளேயே அடைபட நேரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு அறிந்திருக்கிறது.

வீட்டில் அவசரகாலப் பொருள்களைச் சேர்த்து வைப்பது பற்றி இன்று கிடைக்கும் அறிவுரைகளுள் பல, இத்தகைய முன்னறிவு இல்லாத நாடுகளிலிருந்து வந்தவை. நிலநடுக்கம் எந்த நாளிலும் வரக்கூடிய ஜப்பானில், 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவை அழித்த பெருநடுக்கத்தின் நினைவாக அந்த நாள் பேரிடர் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அங்குள்ள வீடுகள் ஆண்டு முழுவதும் ஆயத்தமாக இருக்க வேண்டியிருப்பதால், ஐந்தாண்டு வரை கெடாத குடிநீர்ப் புட்டிகளும், நீர் ஊற்றினால் உண்ணத்தக்கதாகும் உலர்ந்த சோறும் தனிப் பண்டங்களாகவே விற்கப்படுகின்றன. அந்த முறையை அப்படியே இங்கே பின்பற்ற முயல்வது செலவு மிக்கது. 40 பாகையைத் தொடும் கோடை வெப்பத்தில் அது பலனளிப்பதும் அரிது. தமிழகக் கரைக்குத் தேவையானது, புரட்டாசியில் சேர்த்து, தை பிறக்கும்வரை காத்து, பிறகு அன்றாடச் சமையலிலேயே தீர்த்துவிடக்கூடிய பருவகால இருப்பு. சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போட்டு, மழைக்கு முன் விறகையும் வறட்டியையும் அடுக்கி, மீனவர் குப்பங்களில் கருவாட்டை உலர்த்திச் சேர்த்த பழைய குடும்ப நிர்வாகம் இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தது. மின்சாரமும் பக்கத்துக் கடையும் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது கைவிடப்பட்டது.

எத்தனை நாளுக்கான இருப்பு என்னும் கேள்விக்கு உலகெங்கும் தரப்படும் மிகக் குறைந்த விடை மூன்று நாள், அதாவது 72 மணி நேரம். சாலைகள் அறுபட்டு, தொடர்பு துண்டிக்கப்பட்டு, மீட்புக் குழுவினர் உயிராபத்தில் இருப்போரை முதலில் அணுகவேண்டிய நிலையில், ஆபத்தில் இல்லாத ஆனால் வெளியேற முடியாத குடும்பங்களுக்கு உதவி வந்துசேர இவ்வளவு காலம் பிடிக்கும் என்பதே இதன் அடிப்படை. 2023 டிசம்பரில் காயல்பட்டின மழையோடு வந்த வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டதால் செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட, அதிலிருந்த ஏறத்தாழ 800 பயணிகளுள் பலரை வெளியே கொண்டுவர இரண்டு நாள் வரை ஆனது. ஹெலிகாப்டர்கள் இருந்தும், மீட்புப் படை இருந்தும், நீர் வடியாமல் வழி பிறக்கவில்லை. மூன்று நாள் இருப்பு வைத்திருக்கும் வீடு அரசின் உதவியை மறுப்பதாகாது. அந்த உதவி, அதைவிட நெருக்கடியில் இருப்பவரை முதலில் சென்றடைய அது வழிவிடுகிறது.

இருப்பில் முதலிடம் தண்ணீருக்கு. குடிக்கவும் சமைக்கவும் வாய், கை, முகம் கழுவவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளில் இது 48 லிட்டராகிறது. கேன் தண்ணீர் வாங்கும் நகர வீடுகளில் இதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும் கேனுக்குப் பின்னால் முத்திரை உடைக்கப்படாத இரண்டு 20 லிட்டர் கேன்கள் எப்போதும் இருக்கும்படி, பழையது முன்னும் புதியது பின்னுமாக வரிசை வைத்தால், இருப்பும் உண்டு, நீரும் பழசாவதில்லை. வீட்டிலேயே பிடித்து வைப்பவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குழாய் நீரில் எஞ்சியிருக்கும் சிறிதளவு குளோரின் அதைச் சில நாள் கிருமியிலிருந்து காக்கிறது, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் கருவியோ, கரிவடியும் சவ்வுமாகச் சேர்ந்து அந்தக் குளோரினையும் நீக்கிவிடுவதால், அதிலிருந்து பிடித்த நீர் தூய்மையானதாகத் தோன்றினாலும் திறந்த குடத்தில் விரைவில் மாசடையும். அதை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, டம்ளரை உள்ளே முக்காமல் குழாய் வழியாகவோ சாய்த்தோ எடுப்பது நலம்.

அடுக்குமாடி வீடுகளில் நீர் இல்லாமை என்பது பெரும்பாலும் மின்சாரம் இல்லாமையே. தரைக்கடியில் உள்ள சம்ப் நிரம்பியிருந்தும் மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி ஒரே நாளில் வற்றிவிடுகிறது; கயிறு கட்டிய வாளி ஒன்று கட்டடத்தில் இருந்தால் கழிப்பறைக்கும் துலக்குவதற்குமான நீரையாவது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தெருவெள்ளம் சம்பின் மூடியைத் தொட்டுவிட்டால் அந்த நீர் சாக்கடையோடு கலந்ததாகவே கருதப்பட வேண்டும்: வடிந்தபின் முழுவதும் வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுத்தம் செய்து, மீண்டும் நிரப்பிய பிறகே அது புழக்கத்துக்கு உரியது. குடிப்பதற்கு வேறு வழியில்லாமல் ஐயத்துக்குரிய நீரைக் கையாள நேர்ந்தால், துணியில் வடிகட்டித் தெளியவைத்து, கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமாவது விட்டு இறக்கினால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் உண்மையிலேயே பயனுள்ளது. ஆயினும் அது மண்ணை அடியில் படியச் செய்கிறதே தவிரக் கிருமியைக் கொல்வதில்லை. எரிபொருள் இல்லாத நிலைக்குக் குளோரின் மாத்திரைகள் உதவும்: உறையில் குறித்த அளவு நீருக்குக் குறித்த எண்ணிக்கையில் இட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இம்மாத்திரைகளும் பிளீச்சிங் பவுடரும் ஈரக்காற்றில் திறந்துகிடந்தால் வீரியம் இழப்பவை என்பதால், சென்ற ஆண்டு பிரித்த பொட்டலத்தை நம்பி இந்த ஆண்டு நீர் அருந்துவது தகாது.

உணவைச் சேர்ப்பதில் தமிழ்நாட்டு வீடுகள் எதிர்கொள்ளும் பகை இரண்டு: வண்டும் ஈரமும். அரிசி வண்டு தானாகத் தோன்றுவதுபோல் காணப்பட்டாலும், அது அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும் உயிர். கடையிலிருந்து வரும்போதே முட்டைகள் மணிக்குள் இருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு இறுக்கமான டப்பாவில் அடைத்தாலும் சில வாரங்களில் வண்டு வெளிப்படலாம். ஏறத்தாழ 50 பாகை வெப்பத்துக்கு மேல் பூச்சியும் முட்டையும் பிழைப்பதில்லை. தானியத்தை உச்சி வெயிலில் மெல்லப் பரப்பிக் காயவைக்கும் வழக்கத்தின் பயன் இதுவே. வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் போட்டு வைப்பது பூச்சியை விரட்ட ஓரளவு துணைசெய்கிறது. பருப்பில் விளக்கெண்ணெயை மெல்லியதாகப் பூசினால் வண்டு முட்டையிடுவது குறைகிறது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைக்கும் கிராமத்து முறையும் இதே நோக்கம் கொண்டது. சிலர் போரிக் பவுடரை அரிசியில் கலப்பதுண்டு. அது உடலுக்கு நஞ்சு, கழுவினால் முழுவதும் போய்விடும் என்ற நம்பிக்கையில் அதைக் கையாள்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

ஈரம் வண்டைவிட நுட்பமான பகை. தானியம், மாவு, உப்பு, வெல்லம் ஆகிய அனைத்தும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தாமும் நீரை உறிஞ்சவோ வெளிவிடவோ செய்கின்றன. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் தானியத்தில் பூஞ்சை வளரத் தொடங்கும். கார்த்திகை மழையில் கடலோரக் காற்றின் ஈரப்பதம் பல நாள்கள் இதற்கும் மேலே நிற்கிறது. எனவே மழை தொடங்கிய பின் வாங்கிச் சேர்ப்பதைவிட, புரட்டாசியின் உலர்ந்த நாள்களில் வாங்கி, ஒருமுறை வெயில் காட்டி, ஆறியபின் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவிலோ தடித்த பிளாஸ்டிக் டிரம்மிலோ அடைத்துவிடுவதே அறிவுடைமை. சூடு தணியுமுன் அடைத்தால் உள்ளே வியர்த்து, காயவைத்த பயன் கெடும். அடைத்த பிறகு அடிக்கடி திறப்பதும் ஈரக்காற்றை உள்ளே விடுவதாகும். ஆகவே அவசர இருப்பைப் பெரிய ஒரே டப்பாவில் வைப்பதைவிட, ஒரு நாளுக்கு ஒன்றாகச் சிறு டப்பாக்களில் பிரித்து வைப்பது மேல். நிலக்கடலையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனெனில் அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது, வறுத்தாலும் முழுவதும் அழியாதது. பூத்த கடலையைத் தேய்த்துச் சுத்தம் செய்து உண்ணாமல் எறிந்துவிடுவதே முறை.

எந்த உணவைச் சேர்ப்பது என்பதில், அடுப்பு எரியாத நாளை மனத்தில் கொண்டு தேர்வது இன்றியமையாதது. அவல் ஏற்கெனவே வெந்த நெல்லை இடித்துச் செய்யப்படுவதால் குளிர்ந்த நீரில் ஊறவைத்தாலே உண்ணத்தக்கதாகிறது. பொரி, பொட்டுக்கடலை, பேரீச்சை, வெல்லம், பிஸ்கட் ஆகியவற்றுக்கு அதுவும் வேண்டியதில்லை. விலை குறைந்த, எல்லாக் கடையிலும் கிடைக்கும், குழந்தையும் முதியவரும் உண்ணக்கூடிய அவலைவிடச் சிறந்த அவசர உணவு இப்பகுதிக்கு வேறு இல்லை என்றே கூறலாம். அரிசியும் பருப்பும் அடுப்பு எரியும் நாள்களுக்கானவை. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீட்டாத அரிசியும், கோதுமை மாவும், சத்துமாவும் வெப்பத்தில் சில மாதங்களிலேயே சிக்கு வாடை பெற்றுவிடும். தீட்டிய புழுங்கலரிசியோ நெடுநாள் தாங்கும். உடல்நலத்துக்காக அன்றாடம் உண்பது எதுவானாலும், இருப்புக்கு வைப்பது தீட்டியதாக இருப்பதில் குற்றமில்லை. சத்துமாவு வைக்க விரும்புவோர் அதைப் புரட்டாசி இறுதியில் அரைத்துக் கொள்ளலாம். மின்சாரம் நின்ற நாளில் மிக்ஸி ஓடாது. மிக்ஜாம் மழைக்குப் பின் சென்னையில் பல பகுதிகளுக்குப் பால் வராமல் மக்கள் அலைந்ததை நினைத்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் பால்பவுடரோ, குளிர்பதனம் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும்படி உயர்வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பாலோ இருப்பது அவசியம் என்பது விளங்கும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு இக்காலத்தில் அதைவிடப் பாதுகாப்பான உணவு எதுவுமில்லை. தாய்க்கான நீரும் உணவும் குறையாமல் பார்ப்பதே அந்தக் குழந்தைக்கான இருப்பு.

இவற்றையெல்லாம் எங்கே வைப்பது என்னும் கேள்வியில்தான் இந்த ஊர்களுக்கே உரிய முரண் ஒன்று எழுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சினால் உயரத்தில் வைக்க வேண்டும். வெப்பத்துக்கு அஞ்சினால் தாழ்வில் வைக்க வேண்டும். மொட்டைமாடித் தளத்துக்கு நேர்க்கீழே உள்ள பரண், வெள்ளம் எட்டாத இடம்தான். ஆனால் கோடையில் வீட்டிலேயே மிகச் சூடான இடமும் அதுவே. பொதுவாக 10 பாகை வெப்பம் கூடினால் உணவும் மருந்தும் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியல் தரும் தோராயக் கணக்கு. ஆகவே ஆண்டு முழுவதும் பரணில் கிடந்த மாத்திரையும் எண்ணெயும் டிசம்பரில் இறக்கப்படும்போது பயனற்றுப் போயிருக்கலாம். பருவகால இருப்பு என்னும் முறை இந்த முரணைத் தீர்க்கிறது: ஐப்பசி முதல் மார்கழி வரை, வெப்பம் தணிந்த அந்த மாதங்களில் மட்டும், பொருள்கள் பரணுக்கு ஏறட்டும், மற்ற மாதங்களில் அவை சமையலறையின் கீழ்த்தட்டில் அன்றாடப் புழக்கத்தில் இருக்கட்டும். தரைத்தள வீடுகளில் 2015இல் நீர் எந்த மட்டம் வரை நின்றது என்பது அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கேட்டறிந்து, அதற்கும் மேலே ஒரு தட்டு அமைத்துக்கொள்வது நல்லது.

கேஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். 14.2 கிலோ வாயு நிரம்பிய வீட்டுச் சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதன் கொள்ளளவோ 33 லிட்டருக்கு மேல். தான் விலக்கும் நீரின் எடையைவிடக் குறைந்த எடையுள்ள எதுவும் மிதக்கும் என்பதால், காலிச் சிலிண்டர் மட்டுமன்றி நிரம்பிய சிலிண்டரும் வெள்ளத்தில் மிதந்து, குழாயை இழுத்து, கசிவை உண்டாக்கக்கூடும். வீட்டுக்குள் நீர் வரும் அறிகுறி தெரிந்தவுடன் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் சன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும்.

விளக்குக்கான பொருள்கள் வாங்கிய நாளில் எரிந்து, தேவைப்படும் நாளில் எரியாமல் போவதற்குக் காரணம் அவற்றின் மின்கலங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கார்பன்-துத்தநாக செல்களில் துத்தநாகமே வெளிக்கூடாகவும் இருக்கிறது. காலப்போக்கில் அது அரிக்கப்பட்டு உள்ளிருக்கும் கூழ் கசிந்து டார்ச்சின் தொடுமுனைகளைப் பாழாக்கிவிடும். செல்களை டார்ச்சுக்குள் போட்டு வைக்காமல், தனி உறையில் டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைப்பதும், இருப்புக்கு அல்கலைன் வகையைத் தேர்வதும் இதற்குத் தீர்வு. மின்சாரத்தில் ஏற்றும் அவசர விளக்குகளுள் ஈய-அமில மின்கலம் கொண்டவை, ஏற்றப்படாமல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் கடினமான சல்பேட் படிகங்கள் படிந்து மீண்டும் ஏற்ற முடியாதவை ஆகிவிடுகின்றன. எனவே மாதம் ஒருமுறை ஏற்றுவது அவற்றுக்கு உயிர்ப்பிழைப்பு. பவர் பேங்கில் உள்ள லித்தியம் மின்கலத்தின் இயல்பு வேறு: முழுமையாக ஏற்றி வெப்பத்தில் வைத்தால் அது விரைவாக மூப்படைகிறது, முற்றிலும் வடியவிட்டாலும் கெடுகிறது. கோடையில் பாதியளவு ஏற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, மழை எச்சரிக்கை வந்த நாளில் முழுமையாக ஏற்றிக்கொள்வது அதற்குரிய முறை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அதன் கனமான மின்கலம் வழக்கமாகத் தரையில் வைக்கப்படுவதால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுவாகவே இருக்கிறது. எடை தாங்கும் உயர்ந்த மேடையில் காற்றோட்டத்தோடு அதை அமைப்பது, புயலுக்கு முன் செய்யும் வேலை அல்ல, வாங்கும்போதே செய்ய வேண்டியது. அலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்த நாள்களில் வானொலிதான் செய்தி கொண்டுவந்தது என்பதால், செல்லில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றுக்கும் இந்த இருப்பில் இடமுண்டு.

உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது மருந்து இருப்பு. ஆகவே இதில் தளர்ச்சிக்கு இடமே இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வலிப்பு, இதய நோய் ஆகியவற்றுக்கு நாள்தோறும் மருந்து உண்பவர்கள், மழைக்கால மாதங்களில் மருந்து தீர்ந்த பின் வாங்குவதை விட்டு, இரண்டு வாரத்துக்கானது கையில் எஞ்சியிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். புதியதைப் பின்னும் பழையதை முன்னும் வைத்து உண்டுவந்தால் எதுவும் காலாவதி ஆகாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் புட்டியில் கொட்டி வைப்பது ஈரம் புக இடம் தருகிறது. ஆஸ்பிரின் மாத்திரையில் காடி வாடை வீசினால் அது ஈரத்தால் சிதைந்துவிட்டது என்று அறியலாம். இன்சுலின் பயன்படுத்துவோருக்கு மின்தடை பேரச்சம் தருவது. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பயன்பாட்டில் உள்ள குப்பியும் பேனாவும் அறை வெப்பநிலையில், வகைக்கேற்ப 25 அல்லது 30 பாகைக்கு மிகாமல், ஏறத்தாழ நான்கு வாரம் வரை தாங்கக்கூடியவை. ஆதலால் குளிர்பதனப் பெட்டி நின்றவுடன் பதறி அதைப் பனிக்கட்டியின் மேல் வைப்பது பெரும் தவறு: உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. கோடையில் ஈர மண்பானைக்குள் வைக்கும் முறை நன்கு உதவுவது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே அதன் வேலை என்பதால், காற்றே ஈரத்தால் நிறைந்த அடைமழை நாளில் பானையின் குளிர்ச்சி குறைவாகவே இருக்கும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். அந்த நாள்களில் வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடமே போதுமானது.

வெள்ளத்தை அடுத்து வருவது வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுவதும் கரைத்து 24 மணி நேரத்துக்குள் அருந்தி முடிக்க வேண்டும். பொட்டலம் கட்டிதட்டியோ நிறம் மாறியோ இருந்தால் அதை விலக்கிவிடலாம். பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைப்பது தற்காலிக மாற்று.

ஆவணங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின் இழந்த சான்றிதழ்களின் நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த நேர்ந்தது ஒன்றே போதிய எச்சரிக்கை. பத்திரம், ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவை நீர்புகா உறையில் ஒரே பையில் இருந்தால் ஒரு கையால் எடுத்துக்கொண்டு வெளியேறலாம். அதே பையில் சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் இருப்பது நலம், ஏனெனில் அலைபேசித் தொடர்பு அறுந்தால் அலைபேசிவழிப் பணமும் நின்றுவிடுகிறது. பழைய நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்ட ஐந்தாம் வாரத்தில் வந்த வர்தா புயலின்போது, கையில் நோட்டும் இல்லாமல் கார்டும் செயல்படாமல் சென்னைவாசிகள் பட்ட பாடு இதற்குச் சான்று.

இத்தனையையும் ஆண்டுக்கு எத்தனை முறை சரிபார்ப்பது? நாள்காட்டி இதற்கு ஏற்கெனவே இரண்டு நாள்களைத் தந்திருக்கிறது. கருவிகளையெல்லாம் எடுத்துத் துடைத்துப் பொட்டிடும் ஆயுத பூஜை, வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டியோ அதற்குச் சற்று முன்னோ வருகிறது. டார்ச்சை எரித்துப் பார்ப்பதும், செல்லை மாற்றுவதும், அவசர விளக்கை ஏற்றுவதும், நீர்க் கேன்களை அடுக்குவதும் அந்த வாரத்துக்கு உரியவை. பழையன கழியும் போகியோ மழைக்காலம் முடியும் ஜனவரி நடுவில் வருகிறது. பரணில் எஞ்சிய அவலும் அரிசியும் பொட்டுக்கடலையும் அன்று கீழே இறங்கிச் சமையலறைக்குத் திரும்பினால் ஒரு பிடி தானியமும் வீணாவதில்லை. அவசர இருப்பு பணத்தை முடக்குவது என்னும் தயக்கம் பல குடும்பங்களில் உண்டு. எப்படியும் உண்ணப்போகும் பொருளை இரண்டு மாதம் முன்கூட்டி வாங்குவதில் முடங்குவது மிகச் சிறு தொகையே.

வெள்ளநீர் தொட்ட பொருளில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. காகிதம், துணி, மெல்லிய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றில் இருந்த உணவு, திருகுமூடிப் புட்டியில் இருந்த ஊறுகாயும் எண்ணெயும், நனைந்த மருந்தட்டை ஆகிய அனைத்தும் கழிக்கத்தக்கவை, ஏனெனில் மூடியின் திருகு வரிகளுக்குள் புகுந்த சாக்கடை நீரைக் கழுவி நீக்க இயலாது. நசுங்காத, துருப்பிடிக்காத முழு உலோக டின்களை மட்டும் சோப்பு நீரில் கழுவி, குளோரின் கரைசலில் நனைத்து உலர்த்திப் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் பரணும் அலமாரியும் மாதச் சம்பளமும் உள்ள வீடுகளுக்கே முழுமையாகப் பொருந்தும். அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு அரிசி வாங்கும் குடும்பத்திடம், ஒற்றை அறையில் ஐந்து பேர் உறங்கும் ஆற்றோரக் குடியிருப்பிடம், மூன்று நாள் இருப்பு வைக்கச் சொல்வது இரக்கமற்ற அறிவுரையாகிவிடும். வெள்ளம் முதலில் புகுவதோ அந்த அறைகளில்தான். அங்கே இருப்பு என்பது தெருவின் பொதுச்சொத்தாக அமைவதே நடக்கக்கூடியது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வாரச் சேமிப்பை நடத்திப் பழகியவை. அவற்றின் கணக்குப் புத்தகத்தில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வீட்டுக்கு ஒரு படி அவலும் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்.ஸும் என்று வரவு வைத்து, அருகிலுள்ள பள்ளியின் மாடியிலோ கோயில் மண்டபத்திலோ பூட்டி வைக்க முடியும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் தவித்தவர்களுக்கு அருகிலிருந்த சிற்றூர் மக்கள் சமைத்துக் கொடுக்க முடிந்தது, அவர்கள் வீடுகளில் அரிசியும் அடுப்பும் இருந்ததால். அத்தகைய தெருவிருப்போடு ஒரு தாளும் இருக்க வேண்டும்: எந்த வீட்டில் இன்சுலின் தேவைப்படுபவர் உண்டு, எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி உண்டு, படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவர் எங்கே இருக்கிறார், மின்சாரம் இல்லாமலே நீர் தரும் அடிபம்பு எந்தச் சந்தில் இருக்கிறது, படகு வைத்திருப்பவர் யார் என்பவை அதில் எழுதப்பட்டு, மாநில அவசர எண் 1070, மாவட்ட எண் 1077 ஆகியவற்றோடு இருப்பு பூட்டி வைக்கப்பட்ட அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.